சட்டத்தில் என் கணவருக்கு முகம் இல்லை

என் கணவர் இறந்து ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு, ஒரு வேலை நாள் காலையில், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு மருந்து விற்க வந்தார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. அன்று அவருடைய மாதத் திதி. மாதா மாதம் அந்த நாளில் சொந்தக்காரர் யாராவது ஒருவர், அவர் எங்கோ பேசிய பழைய காணொளியைத் தேடிப் பிடித்துப் போடுவார். மற்றவர்கள் கைகூப்பும் படத்தை வரிசையாக அனுப்புவார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் தொடங்கிய வழக்கம் அது. முதல் வருடத் திவசம் முடிந்தும் யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை, எனக்கும்தான்.

அவர் எம்சி, கல்யாண மேடையில் நிகழ்ச்சியை நடத்திக்கொடுக்கிறவர். வார நாட்களில் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். சனி, ஞாயிறு வந்தால் வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்துவிடுவார். ஜோகூரில் கெலாங் பாத்தாவிலிருந்து பாசிர் கூடாங் வரை எந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தாலும் அவர் குரல்தான் கேட்கும். பொண்ணு மாப்பிள்ளையைவிட வீடியோவில் நீங்கதான் அதிக நேரம் வர்றீங்க என்று நான் கிண்டல் செய்வேன். அது வெறும் கிண்டல் இல்லை. அத்தனை கல்யாண வீடியோக்களும் இணையத்தில் திறந்தே கிடந்தன. அவர் சிரிப்பது, இருமுவது, தலையைச் சாய்ப்பது எல்லாம் அதில் இருந்தது. திருட வருகிறவன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் காணொளியில் அவர் அதே வெள்ளை ஜிப்பாவில் இருந்தார். "எனக்கும் இனிப்பு நீர் இருந்துச்சுங்க. வருசக்கணக்கா ஊசி போட்டேன். இந்தச் சொட்டு மருந்த நாக்குக்கு அடியில விட ஆரம்பிச்சேன், ஊசியத் தூக்கிப் போட்டேன்," என்றார். கையில் ஒரு சின்னப் புட்டி. கீழே ஒரு தொலைபேசி எண்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் இதுவரை கேட்காத வார்த்தைகளை அவர் பேசுகிறார். அது ஒன்றே போதுமாக இருந்தது. செருப்பு ஒரு காலில், மறுகால் வெறுங்காலாக, வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. அவருக்கு இனிப்பு நீர் இருந்ததே இல்லை. அதிரசத்தைக் கண்டால் விடாத மனிதர். அவர் போனது நெஞ்சு வலியில், சிங்கப்பூர் போகும் பேருந்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது.

"இது பொய். யாரோ கம்ப்யூட்டரில் செய்தது. தயவுசெய்து நம்பாதீர்கள்," என்று குழுவில் எழுதினேன். என் வரிக்கு மேலேயும் கீழேயும் கைகூப்பும் படங்களாக வந்துகொண்டிருந்தன. ஒரு சித்தி மகள், "அண்ணன் குரல் கேட்டு அழுதுட்டேன்" என்று எழுதினாள். இன்னொருவர், மருந்து எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். ஒருவர்கூட நான் எழுதியதைப் படிக்கவில்லை. மாதா மாதம் ஒரு பழைய காணொளியை எதிர்பார்த்துப் பழகியிருந்த கூட்டம் அது. புதிதாக வந்ததையும் பழசு என்றே எடுத்துக்கொண்டது. எப்போது பேசினார், எங்கே பேசினார் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்பதுபோல் எல்லாரும் இருந்தார்கள்.

போகட்டும், நாலு பேர் காசை விட்டால் விடட்டும், எனக்கென்ன என்று நான் இருந்திருப்பேன். என் கணவரின் அண்ணன் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டிய உடம்பு. வலது பாதத்தில் ஒரு புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. அவருக்கும் என் கணவருக்கும் கடைசி நாட்களில் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு மைக். மாமாவின் மகள் கல்யாணத்தில் நான்தான் எம்சி என்று என் கணவர் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளை எங்கள் பிள்ளை என்றே நினைத்திருந்தோம். கல்யாணம் வந்தபோது சம்பந்தி வீட்டார் கோலாலம்பூரிலிருந்து பெயர் பெற்ற ஓர் அறிவிப்பாளரை அழைத்துவந்தார்கள். மாமா மறுத்துப் பேசவில்லை. என் கணவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். அண்ணன் வந்து கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார், தம்பி வந்து பேசட்டும் என்று அவர் இருந்தார். இரண்டும் வீம்பு பிடித்த கழுதைகள். அப்படியே இவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காணொளி வந்த சில நாட்களில் மாமாவின் மனைவி என்னைக் கூப்பிட்டார். அவரை நான் அக்கா என்பேன். "நீ கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. ஊசி போட மாட்டேங்கிறாரு. தம்பி சொல்லிட்டான், தம்பி சொல்லிட்டான்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு," என்று அழுதார்.

சனிக்கிழமை பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். மாமா வாசல் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அந்தப் புட்டி. கைப்பேசியை ஒரு பால் டின்னில் சாய்த்து வைத்திருந்தார். என் கணவரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அவருக்கு ஏது இனிப்பு நீர்? அவரோட வாழ்ந்தவ நான்தானே? எனக்குத் தெரியாதா?"

"உனக்கும் சொல்லாம மறைச்சிருக்கான்."

"ஊசிய எங்க மறைச்சிருப்பாரு மாமா? ஐஸ்பெட்டியில மீன் எங்க இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது."

"சிங்கப்பூர்ல போட்டிருப்பான் லா. வேல எடத்துல. ஒன்ன பயமுறுத்த வேணாம்னு." அவர் என்னைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார். "கல்யாண வீடியோ எல்லாத்துலயும் பாரு, அவன் கூட்டத்தப் பாத்துதான் பேசுவான். கேமராவப் பாக்கவே மாட்டான். இதுல எங்க பாக்கறான்? என்னப் பாக்கறான். எனக்காகத்தான் எடுத்து வச்சிருக்கான். பேச முடியாம எடுத்து வச்சிட்டுப் போயிட்டான்."

இவர் மருந்தை நம்பவில்லை, தம்பி தன்னிடம் பேசிவிட்டான் என்பதை நம்புகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அதை நான் எப்படிப் பிடுங்குவது? ஆனால் பிடுங்காவிட்டால் இந்த மனிதர் செத்துப்போவார். கட்டு போட்ட பாதம் ஈரமாக இருந்தது. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லு சொல்லு என்று எனக்குக் கையால் சைகை காட்டினார்.

சொன்னேன். முகத்தைத் திருடுவார்கள், குரலைத் திருடுவார்கள், வாயை வேண்டியபடி அசைக்க வைப்பார்கள் என்று தெரிந்தவரை சொன்னேன். மாமாவின் முகம் இறுகிவிட்டது. "என் தம்பி என்கிட்ட பேசறது ஒனக்குப் பிடிக்கல. அப்பவும் நீதான் பேச வேணாம்னு சொல்லிக் குடுத்திருப்ப," என்றார். அதற்கு மேல் நான் அங்கே உட்காரவில்லை. காருக்குள் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அதில் பாதி ஆத்திரம்.

நான் ஜோகூர் பாருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு வாங்க வருகிறவர்களிடம் தரவுப் பாதுகாப்பு அறிவிப்பை நீட்டி, உங்க விவரங்கள நாங்க பத்திரமா வச்சிருப்போம், இங்க சைன் பண்ணுங்க என்று கையெழுத்து வாங்குவதுதான் என் அன்றாட வேலை. நாட்டில் இப்படி ஒரு சட்டம் இருக்கும்போது எவனோ ஒருவன் என் புருஷன் முகத்தை வைத்துச் சொட்டு மருந்து விற்பதா என்று, திங்கட்கிழமை காலையில் எங்கள் இளம் வழக்கறிஞரின் மேசை முன்னால் போய் நின்றேன். நம் பெண்தான், கெட்டிக்காரி. காணொளியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, முகம் பர்சனல் டேட்டாதான்," என்றாள். "குரலும்தான். அத வச்சு இது யாருன்னு சொல்ல முடிஞ்சா போதும். சட்டத்த திருத்தினப்ப முக அடையாளம், கைரேகை மாதிரி விசயத்த இன்னும் கெட்டியா பாதுகாக்கணும்னு சேத்திருக்காங்க. இவங்க வியாபாரத்துக்குப் பயன்படுத்தியிருக்காங்க. அதுவும் சட்டத்துக்குள்ள வர்ற விசயம்தான்."

"அப்ப புகார் பண்ணலாமா மிஸ்?"

"அண்ணன் உயிரோட இருந்தா பண்ணலாம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். இந்தச் சட்டம் காப்பது உயிரோடு இருக்கிறவரின் விவரங்களைத்தான். முன்பு அதில் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. திருத்தத்தில் இறந்தவர் இதில் சேரமாட்டார் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். அவருடைய முகத்துக்கு இனி உரிமையாளர் என்று சட்டத்தில் யாரும் கிடையாது. அவரும் இல்லை, மனைவி என்ற முறையில் நானும் இல்லை.

"அவர் செத்ததுனாலதானே மிஸ் எடுத்தாங்க? உயிரோட இருந்தா மைக்கப் பிடிச்சு ஊரக் கூட்டியிருப்பாரு."

"தெரியுது அக்கா."

"அப்ப செத்தவன் மூஞ்சி நடுரோட்டுல கெடக்கு. யார் வேணா எடுத்து மாட்டிக்கலாம். அப்படித்தானே?"

அவள் கண் கலங்கியது. பாவம், சட்டம் அவள் எழுதியதா? இன்னும் கேட்டேன், கேட்கக் கேட்க ஒவ்வொரு கதவாக மூடியது. விற்கிறவன் வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தால் பிடிப்பது கஷ்டம். குழுவில் அனுப்பிய சொந்தக்காரர்கள்மேல் புகார் செய்ய வழியில்லை; குடும்பத்துக்குள், வீட்டு விஷயமாகப் பயன்படுத்துவதை இந்தச் சட்டம் தொடாது. மோசடி என்று போலீசில் சொல்லலாம், அதற்கு ஏமாந்தவர் வந்து சொன்னால் நல்லது.

போலீசுக்கும் போனேன். மலாய்க்காரப் பெண் சார்ஜன், தன்மையாகப் பேசினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "புவான், மருந்து வாங்கினவர கூட்டிட்டு வாங்க. அவர் ஏமாந்தேன்னு சொன்னா எங்களுக்கு ஈஸி," என்றார். மாமா வந்து ஏமாந்தேன் என்று சொல்வாரா? தம்பி கொடுத்த மருந்து என்று சார்ஜனுக்கே நாலு சொட்டு விட்டிருப்பார். காணொளி வந்த தளத்திலும் புகார் எழுதினேன். அங்கே முதல் கேள்வியே, இந்தக் காணொளியில் இருப்பது நீங்களா? இல்லை என்று அழுத்தினால், சம்பந்தப்பட்டவரையே புகார் செய்யச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அலமாக், சுடுகாட்டுக்குப் போய் எழுப்பி வரட்டுமா என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதற்கிடையில் அக்கா தினமும் கூப்பிட்டார். ஊசியை மாமாவே குப்பையில் போட்டுவிட்டார். கிளினிக்குக்கு வர மறுக்கிறார். புண்ணிலிருந்து வாடை வருகிறது. கோலாலம்பூரிலிருந்து மகள் அழைத்து அழுதாள். நீ சின்னப்புள்ள, சும்மா இரு என்று போனை வைத்துவிட்டார். நான் மறுபடி போனேன், மறுபடியும் போனேன். வா என்று சொல்ல மாட்டார். போ என்றும் சொல்ல மாட்டார். நான் பேசப் பேச என் கணவரின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிற நான் பேசுவது எடுபடவில்லை, செத்த மனிதர் பேசாதது எடுபடுகிறது.

பிறகு ஒருநாள் மாமாவே என்னைக் கூப்பிட்டு வரச் சொன்னார். குரலில் ஒரு வெற்றி இருந்தது. போனதும் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். கைப்பேசியை என் மடியில் வைத்தார்.

இன்னொரு காணொளி. என் கணவர், பக்கத்தில் நான். எங்கள் கல்யாண நாளுக்குக் கோவிலில் நாங்கள் பேசுவதை யாரோ எடுத்து இணையத்தில் போட்ட வீடியோவிலிருந்து வந்தது அது. பச்சைப் பட்டுப் புடவை, காதில் அவர் வாங்கித் தந்த தோடு. அதில் அவர் புட்டியைக் காட்டிப் பேசுகிறார். நான் அவர் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, "ஆமாங்க, நான்தான் தினமும் சொட்டு விட்டுக் குடுத்தேன். இப்ப ஊசியே இல்ல," என்கிறேன். என் குரல், என் வாய். நான் சொல்லாத சொல் என் வாயிலிருந்து வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு கூசியது. என்னைத் தொடாமலே யாரோ தொட்டதுபோல் இருந்தது.

"இப்ப சொல்லு," என்றார் மாமா. "இதுல சொன்னது பொய்யா? இல்ல, என்கிட்ட வந்து சொன்னது பொய்யா?"

"மாமா, இது நான் இல்ல."

"ஒன் மூஞ்சி. ஒன் குரலு. நீ இல்லையா?"

நானே வந்து எதிரில் உட்கார்ந்து நான் இல்லை என்கிறேன், மனிதர் படத்தில் இருக்கிறவளைத்தான் நம்புகிறார். அவளாவது அவர் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் திரும்பி வரும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, ஒன்று தோன்றியது. நான் உயிரோடு இருக்கிறேன். இப்போது திருடியிருப்பது என் முகத்தை. சட்டத்துக்கு நான் ஆள்தானே? வழக்கறிஞர் பெண்ணிடம் ஓடினேன். அவளும் எழுந்துவிட்டாள். "இதுக்கு போலாம் அக்கா!" இருவரும் உட்கார்ந்து புகாரைத் தயார் செய்தோம். என் அனுமதி இல்லாமல், என் முகத்தை, வியாபாரத்துக்கு. தளத்தில் இந்த முறை, இருப்பது நீங்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று அழுத்தினேன். அப்படி ஒரு கேள்விக்கு ஆமாம் சொல்வதில் இவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சில நாட்களில் காணொளியை நீக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன்.

நீக்கியது என்னை மட்டும்தான். அவர் தனியாகப் பேசுவது அப்படியே இருந்தது. அதிலும் புதிது புதிதாக, வேறு வேறு பக்கங்களில், முட்டி வலிக்கு ஒன்று, கண் பார்வைக்கு ஒன்று என்று அவர் விற்றுக்கொண்டே இருந்தார். மாமாவோ நான் இருந்த காணொளி காணாமல்போனதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "பாத்தியா, உண்மையச் சொன்னத அழிச்சிட்டா," என்று அக்காவிடம் சொன்னாராம். சட்டம் எனக்குச் செய்த உதவி, அவரிடம் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையையும் துடைத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். காய்ச்சல் கொதித்தது. அக்கம்பக்கத்தார் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதம் கறுத்துவிட்டிருந்தது. டாக்டர் அக்காவையும் என்னையும் வெளியே அழைத்து, முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்றார். மாமாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. சுயபுத்தியோடு இருக்கிறவர் வேண்டாம் என்றால் நாங்கள் வெட்ட முடியாது என்றும் டாக்டர் சொன்னார். மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். சொட்டு மருந்தை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னார்.

அக்கா ஆஸ்பத்திரி நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி சொன்னா கேப்பாரு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. தம்பிய சொல்லச் சொல்லேன்மா." அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னார். "அவனுங்களால முடியுதுல்ல? ஒன்னால முடியாதா?"

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினேன். அவருடைய கல்யாண வீடியோக்களில் முகம் தெளிவாகத் தெரிகிற ஒன்றையும், குரல் தெளிவாகக் கேட்கிற ஒன்றையும் கொடுத்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு கட்டத்துக்குள் எழுதச் சொன்னது. எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அண்ணே, அந்த மருந்து வேணாம். டாக்டர் சொல்றத கேளுங்க. அதோடு நிறுத்தியிருக்கலாம். படுக்கையில் கிடக்கிற மாமாவின் முகம் கண்ணில் நின்றது. காலை இழக்கப்போகிற மனிதருக்கு இன்னும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கல்யாணத்துல நான் பாதியில போயிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்கண்ணே என்று சேர்த்தேன்.

உருவாக்கும் முன் செயலி ஒன்று கேட்டது: இந்த முகத்துக்கும் குரலுக்கும் உரியவரின் அனுமதி உங்களிடம் இருக்கிறதா? பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் குறி போட்டால்தான் அடுத்த படி. எத்தனை பேரிடம் இப்படி நான் கையெழுத்து வாங்கியிருப்பேன். குறி போட்டேன். இது குடும்பத்துக்குள் நடக்கிற விஷயம், அவரோ இறந்தவர். எந்த வழியில் பார்த்தாலும் சட்டம் என்னைத் தொடாது. அந்தத் திருடனைத் தொடாத அதே சட்டம்தான். சோறு வெந்து இறங்குவதற்குள் என் கணவர் வந்துவிட்டார். வந்து, கண்ணைப் பார்த்து, நான் எழுதியதைப் பேசினார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது; கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் மாமாவின் கட்டிலருகே போனேன். "பழைய போன்ல இருந்துச்சு மாமா. இன்னைக்குத்தான் பாத்தேன்," என்றேன். அக்கா வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார். மாமா இரண்டு கையாலும் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். உதடு வறண்டு வெடித்திருந்தது. முழுதாகக் கேட்டார். மறுபடி கேட்டார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிச்சிடுங்கண்ணேன்னு சொல்றான்," என்றார்.

"ஆமா மாமா."

"அவன் கேக்க மாட்டான்." சொல்லும்போது லேசாகச் சிரித்தார். "எங்க அம்மா அடிச்ச அடிக்கே கேட்டதில்ல. கழுத. செத்தாலும் மன்னிப்பு கேக்கற ஜாதி இல்ல அவன். நீ எழுதினதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீயே செஞ்சியா? யார்கிட்டயும் குடுக்காம?"

"நானேதான் மாமா. சோறு ஆக்குற நேரத்துல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கைப்பேசியைப் போர்வைமேல் வைத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்து, வாசல் போர்ச்சில் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காணொளியைப் போட்டார். சத்தத்தை அணைத்துவிட்டார். இதைப் பார்த்தார்; அதைப் பார்த்தார். இரண்டு திரையிலும் என் கணவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் அப்படியேதான் பாக்கறான்," என்றார்.

இத்தனை வாரமாக இதைத்தான் அவருக்குப் புரியவைக்கப் போராடினேன். புரிந்தபோது, அவர் கையைப் பிடித்து, இல்லை மாமா, முதலில் வந்தது நிஜம்தான், தம்பி உங்களிடம்தான் பேசினார் என்று சொல்லிவிட வேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் அவர் தம்பியின் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப அவன் என்கிட்ட பேசாமத்தான் போயிருக்கான்," என்றார். பிறகு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து வர நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிடச் சொன்னார்.